தேக்காவின் மூன்று அலுப்புகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவின் வீதிகளை நிறைத்து நிற்கும் ஜனத்திரளில், சிங்கப்பூரின் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஃப்ளோ ரோட்டின் காய்கறிக் கடைகளின் எதிரிலும், ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய திடல்களிலும் கூடுகின்றவர்களுள் பெரும்பாலோர், கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பதற்கென்று தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. வெளிநாடு வாழ் இந்தியர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று 2010ஆம் ஆண்டு இந்தியாவில் சட்டம் திருத்தப்பட்ட போதிலும், வாக்குச் சாவடிக்கு நேரில் வந்தாக வேண்டும் என்னும் நிபந்தனை தளர்த்தப்படாமையால், சொந்த ஊரில் உள்ள வாக்கும் அவர்களுள் இந்தியருக்குப் பெயரளவிலானதே. இவ்வளவிருந்தும் அவர்களிடையே அரசியல் பேச்சுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. ஒருவேளை வாக்கு இல்லாதவர்களுக்குத்தான் அரசியலைப் பற்றிப் பற்றின்றிப் பேசும் வசதி வாய்க்கிறதோ என்னவோ.

அந்தப் பேச்சைச் செவிமடுப்போர்க்கு அதில் மூன்று விதமான அலுப்புகள் கலந்திருப்பது புலப்படும். தமிழகத்திலிருந்து வந்தவருடைய அலுப்பு, 1967 முதற்கொண்டு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை மாறி மாறி ஆண்ட இரண்டு கழகங்களைப் பற்றியது. இருவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று அவர் சொல்லுவார். யாழ்ப்பாணத்துப் பூர்விகம் உடையவர், ஐக்கிய தேசியக் கட்சியும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் தம்முள் போட்டியிட்டுக்கொண்டே தமிழரின் தலைவிதியை நிர்ணயித்த கதையை எடுப்பார். இங்கேயே பிறந்து வளர்ந்தவரோ சிறிது யோசித்து, குரலைச் சற்றுத் தணித்து, உங்களுக்கு இரண்டாவது இருந்ததே என்பார். 1959ஆம் ஆண்டு முதல் ஒரே கட்சியின் ஆட்சியைக் கண்டுவரும் நாட்டின் பிரஜை அவர். இரண்டு போதாது என்பது ஒருவர் குறை, இரண்டாவது இல்லை என்பது மற்றவர் குறை எனில், இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்றே மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் இவை யாவற்றுக்கும் மூலம் ஒன்றே என்பதும், கட்சிகளின் எண்ணிக்கையில் அது இல்லை என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் தமிழகத்துக் கணக்கைப் பார்ப்போம். 1991ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற வாக்கு நூற்றுக்கு 22க்குச் சற்று மேல். கிடைத்த ஆசனங்களோ 234இல் வெறும் 2. ஐந்தாண்டுகள் கழித்துக் காற்று திசை மாறி வீசியபோது அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் ஏறக்குறைய அதே அளவு, அதாவது நூற்றுக்கு 21க்கு மேல், வாக்குப் பெற்று 4 ஆசனங்களோடு நின்றது. ஐந்தில் ஒருவர் ஆதரித்த கட்சிக்கு நூற்றில் ஓர் இடந்தான் என்றால், அத்தேர்தலில் வெற்றி பெற்றவர் சபையில் எதிர்ப்பின்றி ஆளும் நிலை தானாகவே வந்துவிடுகிறது. மூன்றாவதாக முளைப்பவர்களின் கதி இதனினும் பரிதாபம். 2006இல் தனித்து நின்ற விஜயகாந்தின் கட்சி நூற்றுக்கு 8க்கு மேல் வாக்குப் பெற்றும் விருத்தாசலம் என்னும் ஒரே தொகுதியைத்தான் வென்றது. 2021இல் நாம் தமிழர் கட்சி நூற்றுக்கு ஆறரைக்கு மேல் பெற்று ஓர் இடமும் இன்றித் திரும்பியது. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் பிரிட்டிஷ் முறை நிலவும் இடங்களில் இரண்டு பெரிய கட்சிகளே நிலைக்கும் என்று மோரிஸ் டுவெர்ஜே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1951இலேயே எழுதிவைத்தார். வாக்கு வீணாகிவிடும் என்று அஞ்சும் சாதாரண மனிதர், தமக்குப் பிடித்தவரை விட்டு, தமக்கு மிகவும் பிடிக்காதவரைத் தோற்கடிக்கக் கூடியவருக்கே வாக்களித்துவிடுகிறார். இதில் அவருடைய குற்றம் ஏதுமில்லை.

அதே பிரிட்டிஷ் முறையைச் சுவீகரித்த சிங்கப்பூரில் இரண்டாவது கட்சி ஏன் நிலைக்கவில்லை என்னும் வினாவுக்கு விடை காண, தேக்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஃபேரர் பார்க்கிலிருந்து தொடங்குவது பொருத்தம். அந்நாளில் அத்திடல் பெரும் அரசியல் கூட்டங்கள் நடந்த மைதானம். 1959ஆம் ஆண்டு மே மாதத்துப் பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 ஆசனங்களில் 43ஐக் கைப்பற்றி ஆட்சியில் அமர்ந்தபோது, எந்தக் கட்சியின் சின்னமும் இன்றிச் சுயேச்சையாக நின்று வென்றவர் சிங்கப்பூர் முழுவதிலும் ஒருவரே, அவர் ஏ. பி. ராஜா என்னும் வழக்கறிஞர், அவரைத் தேர்ந்தெடுத்த தொகுதி ஃபேரர் பார்க். பிற்காலத்தில் சபாநாயகராகவும், லண்டனில் சிங்கப்பூரின் தூதராகவும், உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் விளங்கிய அவருடைய பெயரை இன்று தேக்காவில் எத்தனை பேர் அறிவார்கள் என்பது வேறு விஷயம். கட்சி அலை அடித்த அந்த ஆண்டிலும் மனிதரைப் பார்த்து வாக்களித்த ஒரு தொகுதி இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தது என்பதே எனக்கு விசேஷமாகப் படுகிறது.

ஆட்சிக்கு வந்த கட்சி அடுத்த இரண்டாண்டுகளில் அனுபவித்த இக்கட்டுகளை அறியாமல் அதன் பிற்காலத்துச் சுபாவத்தை விளங்கிக்கொள்ள இயலாது. 1961 ஜூலையில் ஆன்சன் தொகுதியின் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் டேவிட் மார்ஷலிடம் தம் கட்சி வேட்பாளர் தோற்றதும், பிரதமர் லீ குவான் இயூ சபையில் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தார். விடிய விடிய நடந்த அவ்விவாதத்தின் முடிவில் ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காது ஒதுங்கியோர் 16. ஒதுங்கியவர்களில் 13 பேர் ஆளும் கட்சியினர். மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்த சஹோரா அகமது என்னும் பெண் உறுப்பினரை ஆம்புலன்சில் சபைக்கு அழைத்துவந்து வாக்களிக்கச் செய்தார்கள் என்பது இன்றும் பேசப்படும் கதை. ஒதுங்கியவர்கள் பிரிந்துபோய், லிம் சின் சியோங் முதலிய இடதுசாரித் தலைவர்களோடு சேர்ந்து பாரிசான் சோஷலிஸ் என்னும் கட்சியை அமைத்தார்கள். 1963 பிப்ரவரி 2ஆம் நாள் விடியற்காலையில் ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள்; லிம் சின் சியோங்கும், ஜேம்ஸ் புதுச்சேரி முதலிய தொழிற்சங்கவாதிகளும் அவர்களுள் அடங்குவர். அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில், தலைவர்கள் சிறையிலிருக்கவும் பாரிசான் மூன்றில் ஒரு பங்கு வாக்கைப் பெற்று 13 இடங்களை வென்றது. மக்கள் செயல் கட்சியோ பாதிக்கும் குறைவான வாக்கைக் கொண்டு 37 இடங்களைப் பிடித்தது. அதன் பிறகு பாரிசான் செய்தது, என் மதிப்பில், தன் கழுத்துக்குத் தானே சுருக்கிட்டுக்கொண்ட காரியம். 1968ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்து வீதியில் போராடப் போவதாக அது அறிவித்தது. 58 இடங்களில் 51இல் போட்டியே இல்லை. எல்லா இடங்களும் ஒரே கட்சிக்குச் சென்றன. அந்த நிலை 13 ஆண்டுகள் நீடித்தது. அடக்குமுறை பாதி, எதிராளியின் அவிவேகம் பாதி என்று சொன்னால் இருபக்ஷத்தாருக்கும் கோபம் வரக்கூடும். ஆயினும் நடந்தது அதுவே.

அந்தப் பதின்மூன்று ஆண்டு மௌனத்தை முறித்தவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்துப் பரம்பரையில் வந்த ஜே. பி. ஜெயரத்தினம், தேவன் நாயர் அதிபர் பதவி ஏற்றதனால் காலியான அதே ஆன்சன் தொகுதியில் 1981 அக்டோபர் 31இல் வென்றபோது, அவருக்குக் கிடைத்தது நூற்றுக்கு 52க்கும் சற்றுக் குறைவான வாக்கே. 75 பேர் கொண்ட சபையில் ஒருவர் எதிரே அமர்ந்ததால் ஆட்சி ஆட்டங்காணப் போவதில்லை. எனினும் அந்த ஒருவருடைய வருகைக்குப் பின் அரசியல் சட்டத்தில் உண்டான மாறுதல்களைப் பார்க்குங்கால், அதிகாரம் என்பது எண்ணிக்கையை மட்டும் கண்டு அஞ்சுவதில்லை என்பது விளங்கும். 1984இல் தொகுதியில்லா உறுப்பினர் என்னும் புதிய ஸ்தானம் உண்டாக்கப்பட்டது. தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களுள் கூடுதல் வாக்கு விகிதம் பெற்றவர்களுக்குச் சபையில் இடம். 1988இல் குழுத்தொகுதி முறை வந்தது. ஜெயரத்தினமோ, கட்சிக் கணக்குத் தொடர்பான வழக்கில் தண்டிக்கப்பட்டு 1986இல் ஆசனத்தை இழந்தார். அத்தண்டனையின் பேரில் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட அவரை, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1988இல் மீண்டும் சேர்த்து, அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்றும் குறிப்பிட்டது. ஆனால் ஆசனம் திரும்பவில்லை. 1997இல் தொகுதியில்லா உறுப்பினராகவே அவர் சபைக்குள் நுழைந்தார். அவதூறு வழக்குகளின் நஷ்டஈட்டைக் கட்ட முடியாமல் 2001இல் திவாலாகி அதையும் இழந்தார். நகரின் நடைபாதைகளில் நின்று தம் நூல்களைத் தாமே விற்ற அம்முதியவரைக் கண்டவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். 2008இல் அவர் காலமானார்.

குழுத்தொகுதியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தேக்காவின் இந்தியர்களுக்கு அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஒரு தொகுதியில் பல வேட்பாளர்கள் குழுவாக நிற்க வேண்டும்; அவர்களுள் ஒருவராவது மலாய்க்காரராகவோ, இந்தியராகவோ, பிற சிறுபான்மையினராகவோ இருந்தாக வேண்டும்; வாக்காளர் குழு முழுவதையும் ஏற்கலாம், அல்லது முழுவதையும் தள்ளலாம். சீனர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் இந்திய முகங்கள் நாடாளுமன்றத்திலிருந்து மறைந்துபோகாமல் இருப்பதற்கு இம்முறை ஒரு காரணம் என்பதை நேர்மையுள்ள எவரும் மறுக்க மாட்டார். அதே சமயம், ஓர் அமைச்சரின் நிழலில் முன்பின் அறியாத புதுமுகங்கள் சபைக்குள் நுழைவதற்கும், ஆள்பலமும் பணபலமும் இல்லாத சிறு கட்சிகள் களத்துக்கே வராமல் ஒதுங்குவதற்கும் அதுவே வழி செய்தது. 2001இல் 84 இடங்களில் 55 இடங்களுக்குப் போட்டியே நடக்கவில்லை. தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் 1991 முதல் 2011 வரை ஒரு தேர்தலிலும் வாக்குப்பதிவு நிகழவில்லை. 2011இல் எதிர்த்து நிற்க வந்த குழு, வேட்புமனு தாக்கலுக்கு 35 விநாடி தாமதமாகி வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டது. வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம் என்று விதித்திருக்கும் நாட்டில், நடுவயது தாண்டியும் ஒருமுறைகூட வாக்களிக்காத பிரஜைகள் இருந்தார்கள் என்பது விநோதந்தான்.

போட்டி நடந்த இடங்களிலும் வாக்காளர்முன் வேறொரு தராசு வைக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டுத் தேர்தலில், அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பிக்கும் பணியில் ஆளும் கட்சியைத் தேர்ந்தெடுக்கும் வட்டாரங்களுக்கே முன்னுரிமை என்று பிரதமர் கோ சோக் தோங் வெளிப்படையாகவே அறிவித்தார். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்க வேண்டுமா, சபையில் எதிர்த்துப் பேசும் குரல் வேண்டுமா என்று முழங்கால் வலியோடு படியேறும் மூதாட்டியிடம் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? அதற்கென்று இந்த ஆட்சியின் சாதனைகளைச் சிறுமைப்படுத்துவது நன்றியன்று. ஒழுகும் அத்தாப்புக் குடிசைகளிலிருந்து மக்களைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுசென்றதும், லஞ்சமின்றிக் காரியம் நடக்கும் அலுவலகங்களை உண்டாக்கியதும் இந்த ஆட்சியே. நல்லது நடக்கிறதே, பிறகென்ன என்று கேட்கும் தேக்கா வியாபாரியின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நல்லது நடப்பது நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்லுவது என்பது மட்டுமே அவ்வாதத்தில் விடுபட்டிருக்கிறது.

அதைக் கட்சிக்குள்ளேயே சொல்லலாமே என்பார்கள். அங்கேதான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது. 1957 ஆகஸ்டில் மக்கள் செயல் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் இடதுசாரிகள் செயற்குழுவின் பாதி இடங்களைப் பிடித்து, லீ குவான் இயூ விலகி நிற்க, டி. டி. ராஜா என்னும் வழக்கறிஞர் சில வாரங்கள் பொதுச் செயலாளராக இருந்தார். அரசாங்கம் அவ்விடதுசாரிகளுட் பலரைக் கைது செய்த பின்னர் தலைமைக்கு மீண்ட லீ, ‘கேடர்’ எனப்படும் உயர்நிலை உறுப்பினர்களைச் செயற்குழு தேர்ந்தெடுக்க, அவ்வுறுப்பினர்கள் செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஏற்படுத்தினார். போப்பாண்டவர் கார்டினல்களை நியமிக்க, கார்டினல்கள் போப்பாண்டவரைத் தேர்ந்தெடுப்பது போன்றது இது என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். 1961ஆம் ஆண்டுக் கட்சித்தாவல்கள் கற்பித்த பாடமோ 1963ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில் ஏறியது: கட்சியிலிருந்து விலகினாலும் விலக்கப்பட்டாலும் உறுப்பினர் தம் ஆசனத்தை இழப்பார்.

இந்தச் சட்டம் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தபோது, காலையில் ஒரு கட்சி மாலையில் ஒரு கட்சி என்று திரிந்தவர்களுக்குக் கடிவாளம் என்று எல்லாரும் வரவேற்றார்கள். அக்கடிவாளம் தலைமையை எதிர்த்துப் பேசும் வாய்க்கும் பொருந்தும் என்பதைத் தமிழகம் 2017இல் கண்டது, முதலமைச்சர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்த 18 உறுப்பினர்கள் சபாநாயகரால் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது. இலங்கையில் ஜே. ஆர். ஜயவர்த்தன 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 51க்கும் சற்றுக் குறைவான வாக்கில் 168க்கு 140 ஆசனங்களை அள்ளினார். நூற்றுக்கு 30 அளவில் வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 இடங்களே கிட்ட, 18 இடங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறில் ஐந்து பங்கு பலத்தைக் கொண்டு 1978இல் ஜயவர்த்தன வகுத்த அரசியல் சட்டம் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை உண்டாக்கியதோடு, கட்சி நீக்கிய உறுப்பினரின் ஆசனத்தையும் பறித்தது. அதுவும் போதாதென்று தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். ஆகவே ஒற்றைக் கட்சி ஆளும் சிங்கப்பூரிலும், இரு கழகத்து மாநிலமாகிய தமிழகத்திலும், இலங்கையிலும் ஒரு பிரதிநிதி தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு எதிராக வாக்களித்தால் அடுத்த தேர்தல்வரை ஆபத்தில்லை. தலைமைக்கு எதிராக வாக்களித்தால் அன்றே ஆபத்து. கட்சிகள் ஒன்றாயினும் பத்தாயினும், அதிகாரம் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிலரிடமே போய்ச் சேருகிறது.

தேர்தல் முறையை மாற்றினால் போதும் என்று நம்புவோர் நியூசிலாந்தைச் சுட்டுவார்கள். 1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் கூடுதல் வாக்குப் பெற்ற கட்சி தோற்றதைக் கண்டு மனம் கசந்த அந்நாட்டார், 1993இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி விகிதாசார முறைக்கு மாறினார்கள். அதன்பின் அங்கே கூட்டணி ஆட்சிகளே வழக்கமாயின. ஆனால் இலங்கையிலும் ஜயவர்த்தனவின் சட்டமே விகிதாசார முறையைக் கொண்டுவந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பழைய இரு கட்சிகளின்மீதும் வெறுப்புற்ற மக்கள் 2024இல் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்கு 225இல் 159 இடங்களைக் கொடுத்தார்கள்; தமிழ்க் கட்சிகள் சிதறி நின்ற யாழ்ப்பாண மாவட்டத்தில் அது நான்கில் ஒரு பங்கு வாக்கோடு ஆறில் மூன்று இடங்களைப் பெற்றது. இரு கட்சி அரசியலின் மீதான சலிப்பு, அதிகாரத்தைப் பரவலாக்காமல் மூன்றாவதொரு கையில் மொத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உண்டு.

சிங்கப்பூரில் 2011க்குப் பிறகு காட்சி மெல்ல மாறிவருகிறது. அவ்வாண்டு அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி வென்றது. 2020இல் செங்காங்கும் சேர்ந்து பத்து இடங்களாயின. பிரித்தம் சிங் எதிர்க்கட்சித் தலைவர் என்று முறையாக அறிவிக்கப்பட்டார். 2025 மே 3ஆம் நாள் தேர்தலில் பிரதமர் லாரன்ஸ் வோங்கின் தலைமையில் மக்கள் செயல் கட்சி நூற்றுக்கு 65.57 வாக்கோடு 97இல் 87 இடங்களையும், பாட்டாளிக் கட்சி பத்து இடங்களையும் பெற்றன. குறைந்தது பன்னிரண்டு எதிர்க்கட்சியினர் சபையில் இருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. ஆகவே தொகுதியில்லா உறுப்பினர் இருவர் சேர வேண்டியிருந்தது. தோற்றவர்களுள் மிக நெருங்கித் தோற்றவர்கள் தெம்பனிசிலும் ஜாலான் காயுவிலும் போட்டியிட்ட பாட்டாளிக் கட்சியினரே ஆனதால், அவ்விரண்டும் அக்கட்சிக்கே சென்றன. முந்தைய சபையில் அதே வாசல் வழியாக நுழைந்திருந்த சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி வெளியே நின்றது. விளைவு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாக்கு இவ்விரு கட்சிகளுக்கும் அல்லாமல் பிறருக்கு விழுந்திருந்தும், தேர்தல் களத்தில் நின்று சபைக்குள் வந்தவர்களில் மூன்றாவது கட்சியார் ஒருவரும் இலர். தமிழகத்து நண்பரின் அலுப்பு இங்கேயும் வந்து சேர்வதற்கான அஸ்திவாரம் இடப்பட்டுவிட்டது என்று ஐயுறுகிறேன்.

அதைத் தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. தொகுதியில்லா இடங்களை நெருங்கித் தோற்றவருக்குத் தராமல், நாடு முழுவதும் பெற்ற வாக்கின் விகிதப்படி தோற்ற கட்சிகளுக்குப் பங்கிட்டுத் தருவதென்றால், ஆளும் கட்சியின் ஓர் ஆசனத்துக்கும் பங்கமின்றி இரண்டு மூன்று சிறு கட்சிகளுக்குப் பேசும் வாய்ப்புக் கிட்டும். குழுத்தொகுதிகளை மூவர் குழுவாகச் சுருக்கினாலே 1988இல் இருந்த அளவுக்கு அவை திரும்பும். சிறுபான்மையினரின் பாதுகாப்பும் குறையாது. இவை இரண்டுக்கும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையைத் தேடி அலைய வேண்டிய சிரமம் ஆளும் கட்சிக்கு இல்லை. அது ஏற்கனவே அதன் கையில் இருக்கிறது.